இரும்புக்குடையின் கடைசிப் பாட்டு

உலகத்தில் ராக் இசையை முழுமையாகப் புரிந்துகொண்ட நகரங்கள் மூன்றுதான். லண்டன், நியூயார்க், மதுரை. இவற்றில் முதல் இரண்டும் இன்னும் கொஞ்சம் முன்னேற வேண்டியிருக்கிறது. இது நம் சொந்தக் கருத்தல்ல. ‘மதுரை மாநகர் இரும்புக்குடை ரசிகர் மன்றம்’ தன் பொதுக்குழுவில் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம். மாற்றுக் கருத்துடைய ஒரே உறுப்பினருக்கு அன்று வயிற்றுப்போக்கு. ஆகவே ஒருமனது எளிதில் அமைந்தது.

‘அயர்ன் அம்ப்ரெல்லா’ என்பது இங்கிலாந்தில் ஐந்து நீளமுடிக்காரர்கள் நடத்திவந்த ராக் குழு. எழுபதுகளின் நடுவில் அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இங்கிலாந்து அதை இரண்டு வாரத்தில் மறந்துவிட்டது. மதுரை மறக்கவில்லை. சொல்லப்போனால் மதுரையில் மன்றம் தொடங்கப்பட்டதே குழு கலைந்த பிறகுதான். இருக்கிற குழுவுக்கு எவனும் மன்றம் வைப்பான், இல்லாத குழுவுக்கு வைப்பவனே ரசிகன் என்பது தலைவர் சாம்பசிவத்தின் கொள்கை. அவர் ஓர் இன்ஷூரன்ஸ் அதிகாரி. இறந்துபோனவற்றின் மதிப்பு அவருக்குத் தெரியும்.

மன்றத்துக்கு லெட்டர்பேடு உண்டு. ரப்பர் ஸ்டாம்பு உண்டு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் கறுப்புக் குடை பிடித்து வரவேண்டும் என்ற விதி உண்டு. மதுரை வெயிலில் அந்த விதியை மீற யாருக்கும் தோன்றியதில்லை. புது கேசட் எது வந்தாலும் அதைத் தனியாக யாரும் கேட்டுவிடக்கூடாது, முழு மன்றமும் கூடியிருக்கும்போதுதான் முதல்முறையாக ஓடவேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அதற்கு ‘முதற்கேட்பு’ என்று பெயர். இந்த விதிதான் நம் கதாநாயகரைப் பின்னால் உயர்த்தியது.

அவர் மன்றத்தின் செயலாளர், கே.கே. முழுப்பெயர் கருத்தக்கண்ணன். சமயநல்லூரில் நாலு வயலும் ஒரு கிணறும் வைத்திருந்த மொக்கையனின் இளைய மகன். மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்; வில்லாபுரத்தில் ஒற்றை அறை. மன்றத்தில் ‘அப்பா என்ன பண்ணினார்?’ என்று கேட்டால், ‘அக்ரிகல்ச்சர் லைன், சார்’ என்பார். ‘அம்மா?’ என்றால், ‘கன்ட்ரிசைடுல இருக்காங்க’ என்பார். கேட்பவர் மனத்தில் ஒரு வெள்ளைக்கார மாதின் ரோஜாத் தோட்டம் விரியும். விரியட்டும் என்று விட்டுவிடுவார்.

ஆரம்பத்தில் மன்றத்தில் அவருக்கு நாற்காலி போடும் வேலை. பிறகு நாற்காலியில் உட்காரும் உரிமை. அதன் பிறகு செயலாளர் பதவி. இந்த வளர்ச்சிக்கு அவருடைய ஓர் அபூர்வத் திறமையே காரணம். ஒரு பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் தலையசைத்தபின் அரை மூச்சு தாமதித்து ‘ஃபென்டாஸ்டிக்’ என்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த வருடம் துணைத்தலைவர் பதவி காலியாகியிருந்தது. அதுவரை அந்தப் பதவியில், கான்வென்டில் படிக்காத ஒருவர் உட்கார்ந்ததில்லை. கே.கே. ராத்திரி தூக்கத்தில்கூட அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான், 1984-இல், இரும்புக்குடை மறுபடியும் விரிந்தது. பிரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ‘செகண்ட் ரெயின்’ என்று புது ஆல்பம் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஐந்து பேரில் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். டிரம்மர் பில்லி இரண்டு வருடத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். அவருக்காக மன்றம் அரை நிமிடம் மௌனம் அனுசரித்தது. மின்விசிறி நின்றுபோனதால் மீதி அரை நிமிடம் கைவிடப்பட்டது.

ஆல்பம் மதுரைக்கு வந்த விதம் இது. டவுன்ஹால் ரோட்டில் பேயாண்டி என்பவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவது அவர் தொழில். கொடைக்கானலிலிருந்து இறங்கி ரயிலுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனிடம் அந்த இசைத்தட்டு இருந்தது. சாயங்காலம் வரை இரவல் தர அவன் சம்மதித்தான். பேயாண்டி ஆளனுப்பினார். கே.கே. ஆபீசிலிருந்து ஓடினார். அன்றைக்குப் பார்த்து ஊரில் கடையடைப்பு. பேயாண்டியே ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“எங்கிட்ட காலி கேசட் ஒண்ணுகூட இல்லண்ணே. எங்கயாச்சும் இருந்தா கொண்டாங்க. அவன் ரயிலுக்குப் போயிட்டான்னா பொறவு லண்டனுக்குத்தான் போகணும்,” என்றார்.

எங்கேயும் கடை திறந்திருக்கவில்லை. கே.கே.யின் வில்லாபுரம் அறையில், ஜன்னல் மாடத்தில், ஒரு கேசட் இருந்தது.

அது என்ன கேசட் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தை மாதம் மொக்கையன் இறந்துபோனார். மூத்தவன் சோணைமுத்து துபாயில் கொத்து வேலை, வர முடியவில்லை. அப்போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, அப்பன் சாவை கேசட்டில் பதிந்து அனுப்புவது வழக்கம். பிள்ளை அங்கே அறையில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டு, இங்கே அழவேண்டிய அழுகையை அங்கே அழுதுகொள்வான். அப்படித்தான் அவர்கள் தாய் இருளாயி தன் புருஷனுக்கு வைத்த ஒப்பாரி முழுவதும் அந்தக் கேசட்டில் பதிவானது. இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கே.கே.யேதான். அழாமல் நிற்பதற்கு அது ஒரு கௌரவமான காரணமாகவும் இருந்தது.

துபாய் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று இருளாயி அதை இளைய மகனிடம் கொடுத்திருந்தார். இரண்டு பேர் போனார்கள். இரண்டு முறையும் மன்றத்தில் கூட்டம் இருந்தது. ஊருக்குப் போனபோது தாய் கேட்டார், அனுப்பியாச்சா என்று. அனுப்பியாச்சு என்றார் கே.கே.

“கேட்டானா?”

“கேட்டாராம்.”

“அழுதானா?”

“அழுதாராம்.”

“எம்புட்டு அழுதான்?”

“ரொம்ப.”

இருளாயிக்கு அன்றுதான் நெஞ்சு ஆறியது. துபாயே அழுதது என்று ஊருக்குள் சொல்லிவைத்தார்.

இப்போது ஜன்னல் மாடத்தின் முன் நின்ற கே.கே. நிதானமாக யோசித்தார். அண்ணன் ஏற்கெனவே அழுதுவிட்டார். அழுது முடித்தவருக்குக் கேசட் எதற்கு? இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக நமக்குத் தோன்றலாம். நமக்குத் துணைத்தலைவர் பதவி காத்திருக்கவில்லை.

பேயாண்டி பதிந்து கொடுத்தார். இசைத்தட்டின் முதல் பக்கம் கேசட்டின் முதல் பக்கத்தை நிரப்பியது. இரண்டாம் பக்கம் கொஞ்சம் குட்டை. புதுப் பாட்டு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம்தான் பழையது அழியும். மிச்ச நாடாவில் பழையது அப்படியே இருக்கும். இது பேயாண்டிக்குத் தெரியும். கே.கே.க்கும் தெரியும். ஆனால் முதற்கேட்பு விதிப்படி அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. விதி என்றால் விதி.

முதற்கேட்பு, மன்ற ஆலோசகர் ஹாலாஸ்யத்தின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப் டெக் மன்றத்தில் அவரிடம் மட்டுமே இருந்தது. அதனால்தான் அவர் ஆலோசகர். ஜமக்காளத்தில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் ஆல்பம் எடுபடவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு அது ஈரமில்லாத மழையாக இருந்தது. ஹாலாஸ்யம் இருமுறை கொட்டாவி விட்டு, அது ஆழ்ந்த மூச்சு என்று விளக்கினார். பொருளாளர் ஜானு ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் முதலில் பிடிக்கவில்லை என்று சொல்வது என்பதுதான் பிரச்சினை. கே.கே. எல்லோர் முகத்தையும் பார்த்தார். எந்தத் தலையும் அசையவில்லை.

இரண்டாம் பக்கத்தின் கடைசி கிட்டார் தேய்ந்து அடங்கியது. ஒரு ‘டக்’ சத்தம். பிறகு,

“மடை தெறக்கப் போன மன்னா – நீங்க
மம்பட்டிய எங்க வச்சீக
கடைமடைக்குத் தண்ணி வரும் – அதக்
காணக் கண்ண எங்க வச்சீக…”

கே.கே. ஜமக்காளத்திலிருந்து எழுந்து பாய்ந்தார். பொத்தானில் விரல் படுவதற்குள் சாம்பசிவம் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“தொடாதே,” என்றார் கண்ணைத் திறக்காமலே.

கூடத்தில் இருளாயி அழுதுகொண்டிருந்தார். இடையில் ஒரு நாய் குரைத்தது. யாரோ ஒருத்தி ‘கொஞ்சம் தண்ணியக் குடி ஆத்தா’ என்றாள். நாடா முடிந்து பொத்தான் தானே மேலே எழும்பும்வரை யாரும் அசையவில்லை.

“தமிழ்,” என்றார் ஜானு மெதுவாக.

“தமிழேதான்,” என்றார் சாம்பசிவம். அவர் குரல் தழுதழுத்தது. “பில்லிக்கு அஞ்சலி. செத்துப்போன டிரம்மருக்காக உலகத்துல எங்கெல்லாமோ தேடியிருக்கான். கடைசில நம்ம ஒப்பாரிக்கு வந்து சேர்ந்திருக்கான் பாருங்கோ.”

அதன்பின் மடை உடைந்தது. அந்த ‘மம்பட்டி’ உண்மையில் கிட்டார்தான் என்று ஹாலாஸ்யம் கண்டுபிடித்தார். இரண்டையும் தோளில்தான் மாட்டுகிறார்கள். மடை என்றால் மனத்தின் அடைப்பு. நாய் குரைத்தது ஸ்டீரியோ உத்தி. இடது ஸ்பீக்கரில் குரைத்து வலது ஸ்பீக்கரில் வாலாட்டுகிறது. தண்ணியைக் குடி என்பது கோரஸ். பாடிய பெண் ஸ்காட்லாந்துக்காரியாக இருக்கலாம் என்று ஜானு நினைத்தார். உச்சரிப்பே காட்டிக்கொடுக்கிறதாம், நம்மவர்களாக இருந்தால் மண்வெட்டி என்று சுத்தமாகச் சொல்லியிருப்பார்கள், மம்பட்டி என்று வெள்ளைக்காரிதான் குழறுவாள்.

“கே.கே., நீ கிராமத்துப் பக்கம். உனக்கு என்ன தோண்றது?” என்று கேட்டார் சாம்பசிவம்.

மன்றத்தில் அவரிடம் ஒருவர் கருத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. இது எங்கம்மா சார் என்ற மூன்று சொற்கள் அவர் தொண்டை வரை வந்தன. வந்து, அங்கே போடப்பட்டிருந்த துணைத்தலைவர் நாற்காலியைப் பார்த்து, மரியாதையாகத் திரும்பிப்போயின.

“ஃபென்டாஸ்டிக், சார்.”

அன்றே கேசட் சாம்பசிவத்தின் இரும்பு பீரோவுக்குள் போய், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பூட்டப்பட்டது. வீட்டுக்கு எடுத்துப்போய் நாடாவைத் துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று கே.கே. கேட்டுப்பார்த்தார். பொக்கிஷத்தை யாரும் துடைக்கத் தரமாட்டார்கள்.

மதுரையின் எதிர்வினை உலகறிய வேண்டியது. மன்றம் ‘செகண்ட் ரெயின்: ஒரு மதிப்பீடு’ என்று சைக்ளோஸ்டைல் பிரசுரம் வெளியிட்டது. பதினாறு பக்கம், அதில் பதினைந்து பக்கம் கடைசிப் பாட்டைப் பற்றி. திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ரசிகர்கள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுப்போனார்கள். பழைய ஆல்பங்களே உயர்ந்தவை என்று ஒரு கோஷ்டி பிரிந்தது; ராக் இசையில் ஒப்பாரி கலப்பது மேற்கத்தியப் பண்பாட்டின் மீதான தாக்குதல் என்று அது கண்டித்தது. மேற்கத்தியப் பண்பாட்டைக் காக்க ஆரப்பாளையத்தில் இருவர் ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

திருச்சி மன்றம்தான் விஷயம் தெரியாமல் மூக்கை நுழைத்தது. சென்னையிலிருந்து தங்களுக்கு அசல் கேசட்டே வந்துவிட்டதாகவும், அதில் அப்படியொரு பாட்டே இல்லை என்றும் சொல்லியனுப்பியது. கே.கே. இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் சாம்பசிவம் பதறவில்லை. திருச்சிக்குப் போனது போலி என்று மதுரை தீர்மானம் போட்டது. வழிமொழிந்தவர் செயலாளர்.

அடுத்து ‘பாராட்டு மற்றும் அஞ்சலி விழா’ அறிவிக்கப்பட்டது. நிகழ்ச்சி நிரலில் ஒப்பாரி என்று படித்ததும் மூன்று கல்யாண மண்டபங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. நாலாவதாக ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி கிடைத்தது. அங்கே கேசட்டை ஓடவிடுவதோடு, உள்ளூர்ப் பெண் ஒருத்தியையும் அதே பாட்டைப் பாடவைத்தால், வெள்ளைக்காரர்கள் நம் கலையை எவ்வளவு தூரம் உயர்த்தியிருக்கிறார்கள் என்பது பாமரருக்கும் விளங்கும் என்றார் ஜானு. ஆள் பிடிக்கும் பொறுப்பு கே.கே.க்கு.

கே.கே. கோச்சடையில் தொடங்கினார். போன இடமெல்லாம் பெண்கள் முதலில் கேட்டது, யாரு செத்தது என்று. யாரும் சாகவில்லை, இது விழா என்றார். இழவு விழாத இடத்தில் ஒப்பாரி வைத்தால் இழவு விழும் என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி விளக்குமாறைத் தேடினாள். மூன்றாமவள் மட்டும் நல்ல யோசனை சொன்னாள்: ஒப்பாரியென்றால் சமயநல்லூர் இருளாயிதான், அங்கே போய்க் கேள் என்று.

ஆள் கிடைக்கவில்லை என்று கே.கே. மன்றத்தில் வந்து சொன்னார். சாம்பசிவம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு ஒப்பாரிக்காரியக் கூட்டிண்டு வர முடியாதவன், துணைத்தலைவரா வந்து என்னடா பண்ணப்போறான்?”

கே.கே. சமயநல்லூர் பஸ் ஏறினார்.

இருளாயி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் தனக்குச் சமமாக அவர் யாரையும் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த தெருச் சோலையம்மாளுக்கும் பேர் உண்டு என்று கேள்விப்பட்டால் முகத்தைச் சுளிப்பார். “அவ அழுக மாட்டாடா. மூக்கு உறிஞ்சுவா. அதுக்குப் பேரு ஒப்பாரியா?” என்பார். மகன் வந்து ஒப்பாரி பாட ஆள் வேண்டும் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“செத்தது யாரு?”

“பில்லின்னு ஒருத்தர். மேளம் அடிக்கிறவர்.”

“பேரே சரியில்லையே. எந்தூரு?”

“இங்கிலாந்து.”

“தொலைதான். பொண்டாட்டி இருக்காளா?”

“மூணு கல்யாணமாம்.”

“மூணு பேருல ஒருத்திகூடவா அழுகல?”

“தெரியலம்மா. அங்க அழுகிற வழக்கமில்ல. கறுப்புச் சட்டை போட்டுட்டு நிப்பாங்க.”

இருளாயி உச்சுக் கொட்டினார். மேளக்காரன் ஊரான் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் கொட்டியிருப்பான். அவன் போகும்போது ஓர் ஓசை இல்லாமல் போவதா என்று கேட்டார். “வாரேன்,” என்றார்.

ஒரு நிபந்தனை இருந்தது. அதைச் சொல்லும்போது கே.கே. மாட்டைப் பார்த்துச் சொன்னார். அங்கே தன்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று.

“ஏன்டா, போலீசு தேடுதா?”

“ஆபீசு விசயம்மா.”

ஆபீசு என்றால் இருளாயிக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. சரி என்றுவிட்டார்.

கே.கே. நிகழ்ச்சி நிரலை மிகக் கவனமாக அமைத்தார். முதலில் உள்ளூர்ப் பாடகி. அவர் பாடி முடித்ததும் ஆளை பஸ் ஏற்றிவிடுவது. அதன்பிறகே கேசட். அந்த நிரலைச் சாம்பசிவம் விழா மேடையில் ஒரே வரியில் மாற்றினார். ஒரிஜினல் முதலில், காப்பி பிறகு; அதுதானே முறை.

மேடையில் பில்லியின் படம். நீளமுடியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. சம்பங்கி மாலை, ஊதுபத்தி. படத்தின் முன் பாயில் இருளாயி அமர்ந்திருந்தார். மாடி நிறைய ஆட்கள், மடக்கிய கறுப்புக் குடைகள். மேடையின் ஓரத்தில் மைக்கோடு கே.கே.

ஹாலாஸ்யம் பொத்தானை அமுக்கினார்.

இருளாயி தலையைச் சாய்த்துக் கேட்டார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை. “சோலையம்மாளையும் கூப்பிட்டிருக்கீகளா? அப்ப நான் எதுக்கு?” என்று சாம்பசிவத்தைக் கேட்டார். அவர் உதட்டில் விரல் வைத்தார். மடை வந்தது. மம்பட்டி வந்தது. நாய் குரைத்தது. இருளாயியின் முகத்திலிருந்து கோபம் போயிற்று. தன் வீட்டு நாய் எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது?

“இது எங்க வீட்டு எழவாச்சே,” என்றார்.

கூட்டம் சிரித்தது. சாம்பசிவம் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, கவனித்தீர்களா என்று சபையைக் கேட்டார். ஒரு பாமரப் பெண், கடல் கடந்து பிறந்த பாட்டில் தன் சொந்தத் துயரத்தையே கேட்கிறாள். உலகப் பொதுமை என்று இதைத்தான் சொல்கிறோம் என்றார். கைதட்டல் எழுந்தது.

இருளாயி அவரைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தைப் பார்த்தார்.

“சோணைமுத்து கேட்டு அழுதான்னு சொன்னியேடா.”

கைதட்டல் நின்றுவிட்டது. குடைகள் அத்தனையும் கே.கே. பக்கம் திரும்பின. சாம்பசிவத்தின் புருவம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஏறியது.

“என்ன கே.கே., இந்த அம்மாள உனக்குத் தெரியுமோ?”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தடுமாறியிருப்பான். தாய்ப்பாசம், ரத்தபந்தம் முதலிய பலவீனங்களுக்கு இடம் கொடுத்து மன்றத்தின் பதினாறு பக்கப் பிரசுரத்தைக் கவிழ்த்திருப்பான். திருச்சி சிரித்திருக்கும். செயலாளர் கே.கே. அப்படிப்பட்டவர் அல்லர். மைக்கைத் தன்பக்கம் திருப்பினார். தொண்டையைச் சரிசெய்தார்.

“இல்ல சார். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தாங்க. கூட்டியாந்தேன்.”

இருளாயி, வந்த வேலை நினைவுக்கு வந்ததுபோல் கொண்டையை அவிழ்த்தார். பில்லியின் படத்துக்கு முன்னாலிருந்த பாயை இழுத்து, மேடை ஓரத்துக்கு நேராகப் போட்டு, கே.கே.யைப் பார்க்க உட்கார்ந்தார். நெஞ்சில் ஓர் அடி. பிறகு எடுத்தார்:

“பாடையில போன உங்கப்பன்
பக்கத்துல நின்னு பேசுறாரே
மேடையில நிக்கிற ராசா – உனக்கு
மூச்சுப் பேச்சு இல்லையேடா…”

ஜானு கைக்குட்டையை இந்த முறை கண்ணுக்குக் கொண்டுபோனார். வார்த்தைகள் ஒரிஜினலில் இல்லையே என்று யாரோ ஒருவர் முணுமுணுத்து, பக்கத்திலிருந்தவரிடம் குட்டு வாங்கினார். ஹாலாஸ்யம் மெய்ம்மறந்து இரண்டு ஸ்பீக்கரையும் மாறிமாறிப் பார்த்தார். சத்தம் எதிலிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருளாயி பெற்ற வயிற்றைத் தொட்டார், பால் கொடுத்ததைச் சொன்னார், பள்ளிக்கூடத்துக்குச் சுமந்துபோனதைச் சொன்னார். பேரைச் சொல்லவில்லை. செத்தவர் பேரைச் சொல்லி அழுகிற வழக்கம் அவருக்கில்லை.

முடிந்ததும் சாம்பசிவம் எழுந்தார். இது ஒரிஜினலையே மிஞ்சிவிட்டது என்று தொடங்கி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரிஜினலுக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று திருத்தினார். இப்படியொரு கலைஞரைப் பேருந்து நிலையத்தில் நின்ற கூட்டத்துக்கு நடுவே ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்ட செயலாளரின் கூர்மையை என்னவென்று சொல்வது என்று வியந்தார். தேர்தல் எதற்கு? இந்த மேடையிலேயே அவர் துணைத்தலைவர் என்றார். தயாராக வைத்திருந்த மாலை வந்தது. ரோஜாவும் மரிக்கொழுந்துமாக, கனமான மாலை. கே.கே. தலை குனிந்து கழுத்தை நீட்டினார். நிமிர்ந்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. பதவியின் கனம் அப்படி.

இருளாயி முடியை அள்ளி முடிந்துகொண்டார். மகனை மாலையோடு ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சாம்பசிவத்திடம், துக்க வீட்டில் பெரியவர்களிடம் கேட்கிற மரியாதையான குரலில் கேட்டார்:

“மாலையெல்லாம் போட்டாச்சு. எப்பய்யா எடுக்கிறீக?”

என்ன ஒரு கலைநயமான முடிப்பு என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதலில் தட்டியது துணைத்தலைவர்.